குறிபார்க்க ஒரு பக்கம்

போர்க் காலத்தில் வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவனுக்குக் கொழும்பில் அறை கிடைப்பது பெரிதல்ல. வீட்டுக்காரர் பொலிஸ் பதிவில் நம் பெயரையும் சேர்க்கச் சம்மதிப்பதுதான் பெரிது. வீட்டுக்கார அக்கா சம்மதித்திருந்தார். அந்தப் பதிவுத் துண்டு கையில் இல்லாவிட்டால் எந்தச் சோதனையிலும் என்னை ஏற்றிக்கொண்டு போய்விடலாம்.

இப்படி இருந்தவன் வில்வித்தை பழகப் போனேன். புத்தி அவ்வளவுதான். வேலைத்தலம், அறை, மறுபடி வேலைத்தலம் என்று அடைபட்டுக் கிடந்ததில் மூச்சு முட்டியது. கூட வேலைசெய்த ஒருவன் சனிக்கிழமைகளில் ஒரு மைதானத்துக்குக் கூட்டிப்போனான். வில் அங்கேயே இருக்கும். என் பிழை ஒன்றுதான்: வில் பிடிக்கும் கையின் முழங்கையை வெளிப்பக்கம் திருப்ப வராது. நாண் ஒவ்வொரு முறையும் முன்கையில் அடித்துக் கன்றிப்போகும். அறையில் சைக்கிள் டியூப்பை இழுத்துப் பழகியும் திருந்தவில்லை.

ஒரு சனிக்கிழமை திரும்பி வரும்போது பாமன்கடைச் சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து எல்லோரையும் இறக்கினார்கள். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. முந்திய பஸ்ஸில் வந்த வீட்டுக்கார அக்கா பெண்கள் வரிசையில் மரக்கறிப் பையோடு நின்றார். என் சட்டைக் கையை மடிக்கச் சொன்ன சிப்பாய், நீலம் பாரித்திருந்த இடத்தைப் பார்த்தான். எங்கே ஆயுதப் பயிற்சி எடுத்தாய் என்று சிங்களத்தில் கேட்டான். வில் என்றேன். சிரித்துவிட்டு, செய்து காட்டு என்றான்.

வெறுங்கையோடு நடுத்தெருவில் நின்றேன். எந்தப் பக்கம் குறிபார்ப்பது? முன்னால் மணல்மூட்டை, பின்னால் துவக்கோடு இன்னொருவன், ஒரு பக்கம் அவர்களுடைய ஜீப். மிஞ்சியது பெண்கள் வரிசை. அங்கே திரும்பி, காலை அகட்டி, தோளை இறக்கி, இல்லாத நாணைத் தாடைவரை இழுத்தேன். பாழாய்ப்போன முழங்கை அன்றைக்குத்தான் சரியாகத் திரும்பியது. சிப்பாய் நாணை விடச் சொல்லவில்லை. அப்படியே நிற்கவைத்து, பதிவுத் துண்டைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னான்.

பின்னேரம் அக்கா மேலே வந்தார்.

"தம்பி, குறை நினைக்காதேங்கோ. எனக்கு ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள். வாற மாசம் வேற இடம் பாருங்கோ. பதிவில இருந்து பேரை எடுக்கப்போறன்."

"அது விளையாட்டு, அக்கா."

"ஓம், விளங்குது. ஆனா என்னைப் பார்த்தெல்லோ நீட்டிக்கொண்டு நிண்டனீங்கள்."

கோபம் வந்தது. வேறு எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்க வாயெடுத்தேன். ஆனால் அது முழு உண்மையில்லை. அவர் நிற்பது தெரிந்துதான் அந்தப் பக்கம் திரும்பினேன். அங்கே நின்றவர்களில் எனக்குப் பயமில்லாதவர் அவர் ஒருவர்தான்.