திருவருகைக்கு முந்திய சனிக்கிழமை

கண்டிப் பக்கம் ஒருவரை ஒருவர் கண்டால் முதலில் சுகம் விசாரிப்பதில்லை. "அங்கிட்டு மழையா?" என்றுதான் கேட்போம். சாப்பிட்டாயா, பிள்ளைகள் சுகமா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். நான் இருப்பது வத்தேகம, வேலை கண்டி டவுனில். தூரம் பெரிதில்லை. ஆனால் வத்தேகமயில் குடையோடு நனைந்து பஸ் ஏறினால், மடவளை தாண்டும்போது வெயில் முகத்தில் அடிக்கும். டவுனில் சொட்டச் சொட்ட இறங்கி நிற்கிற என்னை, பவுடர் கலையாமல் நிற்கிற சனம் ஒரு மாதிரியாகப் பார்க்கும். எனக்குக் கோபம் வரும். மழையோடும் கோபம், அந்தச் சனத்தோடும் கோபம்.

ஒபிஸில் கேட்கவே வேண்டாம். யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருக்கிறார். மத்தியானம் ஜன்னலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பின்னேரம் கொட்டப்போகுது, நான் கொஞ்சம் வெள்ளன வெளிக்கிடப்போறன்" என்பார். நல்ல பங்குனி வெயிலிலும் இதையேதான் சொல்வார். மழை வந்தாலும் வராவிட்டாலும் அவர் வெளிக்கிட்டுவிடுவார். பக்கத்து மேசைச் சிங்கள அம்மாவோ முழங்காலைத் தடவிப் பார்த்துவிட்டு மழை சொல்வார். சும்மா சொல்லக் கூடாது, என் போனில் வருகிற சூரியன் படத்தைவிட அந்த முழங்காலை நம்பலாம்.

எங்களுக்கும் பருவம் இல்லாமல் இல்லை. தை மாதக் காலையில் பனி இறங்கி, எதிர் வீட்டுக் கூரை தெரியாது. பங்குனி வந்தால் குழாயில் தண்ணீர் நூலாக வரும், வெயிலைத் திட்டுவோம். சித்திரையில் வெயிலும் இடியும் சேர்ந்து வரும். ஆனி, ஆடியில் ஒரு தூறல் பிடிக்கும் பாருங்கள், குடையை விரித்தால் வெட்கம், மடக்கினால் சளி. ஐப்பசி, கார்த்திகையில் காலை முழுக்கப் பளிச்சென்று காய்ந்துவிட்டு, பின்னேரமானால் மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வரும். கொடியில் கிடக்கிற துணியை யார் முதலில் காண்கிறார்களோ அவர்கள் அள்ள வேண்டும். அடுத்த வீட்டுத் துணியையும் சேர்த்து அள்ளுவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். பிறகு யாருடைய சட்டை யார் வீட்டில் என்று தேடுவதில் ஒரு கிழமை போகும்.

இப்படி மூச்சுக்கு மூச்சு மழை பேசுகிற நாங்கள், என் தங்கச்சியின் கல்யாணத்துக்கு நாள் பார்த்தபோது மழையை மறந்துவிட்டோம். இதை வெளியே சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

நடந்தது இதுதான். மாப்பிள்ளை தெல்தெனியவுக்கு மேலே ஒரு தோட்டத்து ஆள், வளைகுடாவில் ஒரு ஹோட்டலில் சமையல் வேலை. ஒரு தடவை கல்யாணம் பேசி நாள் குறித்து, லீவு கிடைக்காமல் தள்ளிப்போயிருந்தது. இந்த முறை கார்த்திகையில் லீவு கிடைத்தது. மார்கழி பிறந்ததும் திரும்ப விமானம் ஏறியாக வேண்டும், அதற்குப் பிறகு இரண்டு வருசத்துக்கு வர வழியில்லை. எங்கள் கத்தோலிக்க ஆட்கள் தவக்காலத்திலும், நத்தாருக்கு முந்திய நாலு கிழமைத் திருவருகைக் காலத்திலும் கல்யாணம் வைப்பதில்லை. அப்பா இல்லாத வீடு, அம்மாவும் நானும்தான் நாட்காட்டியை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். மாப்பிள்ளை வரும் நாள், கோயில் பாதருக்கு வசதிப்படும் நாள், மண்டபம் கிடைக்கும் நாள், படம் பிடிக்கிறவருக்கு ஓய்வான நாள், எல்லாவற்றையும் வெட்டிக் கழித்துப் பார்த்தால் மிஞ்சியது ஒரே ஒரு நாள். திருவருகை தொடங்கும் ஞாயிறுக்கு முந்திய சனிக்கிழமை. "மாதா தந்த நாள்" என்றார் அம்மா. நாளைக்குத் துணி காயுமா என்று நாலு பேரைக் கேட்காமல் வாளியில் கை வைக்காத அம்மா, மகள் கல்யாணத்துக்கு மழை வருமா என்று ஒருவரையும் கேட்கவில்லை. நான் மட்டும் கேட்டேனாக்கும்!

ஒபிஸில் பத்திரிகை கொடுத்தபோதுதான் உறைத்தது. சிங்கள அம்மா தேதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தேதியைப் பார்த்தார். யாழ்ப்பாணத்து அக்காதான் வாயைத் திறந்தார். "நல்ல நாள் பாத்தியள். பத்திரிகையோட ஒரு குடையும் சேத்துக் குடுத்திருக்கலாம்." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பின்னேரம்தானே மழை, பூசையும் சாப்பாடும் மத்தியானத்துக்குள் முடிந்துவிடும் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன். மனதுக்குள் பயம் பிடித்துக்கொண்டது.

அந்தக் கிழமை நடுவில் வானொலியில் வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்றார்கள். அன்றைக்கே மழை குணம் மாறிவிட்டது. இடி இல்லை, மின்னல் இல்லை, பின்னேரத்துக்காகக் காத்திருக்கவும் இல்லை. விடியக் காலையில் தொடங்கி ஒரே சீராகப் பெய்தது. இடித்து முழங்கிப் பெய்கிற மழைக்கு எங்களுக்குப் பயமே கிடையாது, அது கோபக்கார மனிசன் மாதிரி, கத்தி முடித்தால் அடங்கிவிடும். இந்தப் பேசாத மழைதான் மண்ணுக்குள் இறங்கும்.

சனிக்கிழமை காலை தங்கச்சிக்குச் சேலை கட்டி முடித்து, தலையில் பூ வைத்துக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளையிடமிருந்து போன். தெல்தெனியவுக்குக் கீழே ரோட்டில் மண் சரிந்துவிட்டது, வேன் போகாது, மற்ற ரோட்டிலும் தண்ணீர் ஏறிவிட்டது. அதற்குப் பிறகு இந்தப் பக்கம் கண்ட புயலோடு பார்த்தால் அது சின்னச் சரிவுதான். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அதனால்தான் இதைச் சிரித்துக்கொண்டு எழுத முடிகிறது. அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மா செபமாலையை எடுத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். தங்கச்சி கையில் இருந்த கண்ணாடியை மெதுவாகக் கவிழ்த்து வைத்தாள்.

நான் பாதருக்குப் போன் எடுத்தேன். நாளைக்கு வைக்கலாமா என்று கேட்கும்போதே எனக்குப் பதில் தெரியும். அவர் நல்ல மனிசர். "நாளைக்குத் திருவருகை பிறந்துரும்மா. நாளைக்கு வேணாம். இன்னைக்கு எத்தனை மணியானாலும் கூட்டிட்டு வாங்க, நான் இங்கனதான் இருப்பேன்" என்றார்.

அடுத்த போன் திகனவுக்கு. அங்கே இரும்புக் கடை வைத்திருக்கிற முஸ்லிம் அண்ணன் ஒருவர், நானா என்போம், அப்பாவின் பழைய கூட்டாளி. அப்பா போன பிறகும் நோன்புப் பெருநாளைக்கு எங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு வராத வருசம் இல்லை. மழையை நான் திட்டும்போதெல்லாம், "அல்லாஹ் தார மழைய ஏசாதீங்க புள்ள" என்று என்னைக் கண்டிக்கிறவரும் அவர்தான். அழுகையை அடக்கிக்கொண்டு விசயத்தைச் சொன்னேன். அவர் இரண்டாம் பேச்சுப் பேசவில்லை. "லொறி சும்மாதான் நிக்கிது. நான் மண் சரிஞ்ச எடத்துக்குப் போறேன். அவங்கள அந்தப் பக்கம் வந்து நிக்கச் சொல்லுங்க."

அதற்குப் பிறகு மத்தியானம் தாண்டும் வரை என் கல்யாண வேலை போனைக் காதில் வைத்துக்கொண்டு மழை கேட்பதுதான். தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வந்து, கோயிலை ஒட்டிய பாதர் வீட்டில், பங்கு மனையில், உட்கார வைத்துவிட்டோம். நானா அங்கிருந்து சொல்வார், நான் கோயில் வாசலில் நின்று கேட்பேன்.

"இப்ப கொஞ்சம் விட்டிருக்கு புள்ள."

"ஆட்களை விடுறாங்களா நானா?"

"பொலிஸ் இன்னும் விடல்ல. மேல மண் நிக்கிதான்னு பாக்குறாங்க. இந்தா, திரும்பப் புடிச்சிட்டு."

வாழ்க்கை முழுக்க வாய் சும்மா இருக்கக் கூடாதே என்று பேசிய மழைப் பேச்சு அது. அன்றைக்கு ஒரு சொல் தவறாமல், மற்றக் காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன்.

இதற்கிடையில் விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். ரோடு இருக்கிற பக்கத்து ஆட்கள் எல்லாரும் குடையும் செருப்புமாகக் கோயிலடி மண்டபத்தில் நிறைந்துவிட்டார்கள். சமையற்காரர் வந்து என் காதில், "சோறு இனித் தாங்காதுங்க, பிள்ளைங்களும் பசியில அழுவுதுங்க" என்றார். அம்மாவிடம் கேட்டேன். "தாலி ஏறாம விருந்தா? ஊர் சிரிக்கும்டி" என்றார் அம்மா. "ஊர் பசியில இருக்கும்மா, சிரிக்கத் தெம்பு வேணுமே" என்று சொல்லிவிட்டுப் பரிமாறச் சொன்னேன். அப்படியாக மாப்பிள்ளை இல்லாமல், மணமகள் பங்கு மனையில் காத்திருக்க, கல்யாணச் சாப்பாடு முதலில் நடந்தது. யாழ்ப்பாணத்து அக்கா இரண்டாம் முறை கறி வாங்கிக்கொண்டு, "முடிவு தெரியாமச் சாப்பிடுற முதல் கலியாணம் இதுதான்" என்றார். நேரத்தோடு வெளிக்கிடுகிற பேச்சை அன்றைக்கு அவர் எடுக்கவே இல்லை. அதற்காக அவருக்கு ஆயுள் முழுக்க நன்றி.

சாப்பிட்ட இலையை எடுத்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. நானாவின் குரல் மூச்சு வாங்கியது. மழை ஒரு இடைவெளி விட்டதாம். அந்த இடைவெளியில் பொலிஸ்காரர்கள் ஒவ்வொருவராகக் கை பிடித்து ஓரத்தால் தாண்ட விட்டார்களாம். மாப்பிள்ளை தன் அம்மாவை முதுகில் சுமந்து வந்தாராம். "எல்லாரும் இந்தப் பக்கம் வந்துட்டாங்க. லொறியில ஏத்திட்டேன். அல்ஹம்துலில்லாஹ்." நான் அப்படியே ஈரப் படியில் உட்கார்ந்துவிட்டேன், புதுச் சேலையோடு.

லொறி வந்து சேர்ந்தபோது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது, மழை மறுபடி கொட்டியது. சீமெந்து ஏற்றுகிற லொறி. தறப்பாளுக்குக் கீழே, கயிற்றால் கட்டிய பிளாஸ்டிக் கதிரைகளில் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பட்டுச் சேலையோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை பின்னால் நின்றுகொண்டு வந்தார். கோட்டு ஒரு பையில், சப்பாத்து ஒரு பையில், முழங்கால் வரை சேறு. பங்கு மனைக் குழாயடியில் காலைக் கழுவி, கோட்டை மாட்டிக்கொண்டு அப்படியே கோயிலுக்குள் போனார். நானாவை உள்ளே கூப்பிட்டேன். உடுப்பு முழுக்கச் சேறு புள்ள என்று சொல்லி, கதவடியிலேயே நின்றுகொண்டார்.

கரண்ட் இல்லை. பீடத்து மெழுகுவர்த்திகளும் யாரோ பிடித்த இரண்டு டோர்ச்சும்தான் வெளிச்சம். எங்கள் கோயிலுக்குத் தகரக் கூரை, அதில் அந்த மழை விழுந்த சத்தத்தில் பாதர் வாசித்தது ஒரு சொல் விளங்கவில்லை. கேள்வியை மாப்பிள்ளையின் காதுக்குள் குனிந்து கேட்டார். மாப்பிள்ளை மழையில் கட்டிய தொண்டையோடு, "சம்மதம்" என்று கத்தினார். சனம் சிரித்தது. பிறகு பாதர் தங்கச்சியின் பக்கம் திரும்பினார்.

என் தங்கச்சி சத்தமாகப் பேசத் தெரியாதவள். பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்டால் அவள் சொல்கிற பதில் டீச்சருக்குக் கேட்காமல், வராதவள் என்று குறித்த நாட்களும் உண்டு. அவள் உதடு அசைந்தது. பாதர் காதைத் தொட்டுக் காட்டினார். மறுபடி அசைந்தது. மழை இன்னும் ஓங்கியது. அவள் ஒரு தடவை மேலே கூரையைப் பார்த்தாள், மூச்சை இழுத்தாள். "சம்மதம் பாதர். முழு மனசோட சம்மதம்" என்றாள். கதவடியில் நின்ற நானா வரைக்கும் கேட்டது. அம்மா செபமாலையோடு வாயைப் பொத்திக்கொண்டார். நான் அழுதேன், வெட்கமே இல்லாமல் அழுதேன். மாப்பிள்ளை தாலியைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்து நின்றார். பாதர் அவர் முழங்கையைத் தட்டி, கட்டச் சொல்ல வேண்டியிருந்தது.