சாம்பியனை ஏரிக்குக் கூட்டிப்போனேன்

என் அண்ணன் நீச்சலில் மாவட்டச் சாம்பியன் என்று அவனைவிட அதிகம் பீற்றிக்கொண்டவள் நான்தான். எனக்கு அப்போது ஒன்பது வயது, அவனுக்குப் பதினாறு. கும்மிடிப்பூண்டியில் முதல் ரயிலைப் பிடித்துச் சென்னைக்குப் போய், நீச்சல் குளத்தில் பயிற்சி செய்துவிட்டு, பள்ளிக்கூட மணி அடிப்பதற்குள் திரும்பிவிடுவான். கம்பி கம்பெனியில் வேலை பார்த்த நைனா அவனுக்கு மட்டும் தினம் இரண்டு முட்டை அவிக்கச் சொல்வார். எனக்கு வயிறு எரியும். ஆனாலும் வகுப்பில் நான் “எங்க அண்ணன்” என்று ஆரம்பித்தாலே பிள்ளைகள் எழுந்து போய்விடுவார்கள், அவ்வளவு அளந்திருக்கிறேன்.

மாநிலப் போட்டிக்கு ஒரு வாரம் இருந்தது. அதில் ஜெயித்தால் தேசியப் போட்டிக்குப் போகலாம். அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் ஊர் ஏரியில் ஒரு பையன் மூழ்கிவிட்டான். ஒரிசாவிலிருந்து கம்பெனி வேலைக்கு வந்தவன், கூட்டாளிகளோடு குளிக்க இறங்கியிருக்கிறான். சாலை போட மண் அள்ளிய பள்ளம் ஏரிக்குள் எங்கே இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். அவனுக்கு யார் சொன்னார்கள்? ஒரு மணி நேரத்துக்கு மேலாகியும் தீயணைப்பு வண்டி வரவில்லை. உடலையாவது எடுக்கவேண்டுமே என்று பெரியவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். நான்தான் முந்திரிக்கொட்டை மாதிரி, எங்கள் அண்ணன் எடுத்துவிடுவான் என்றேன். அதோடு விட்டேனா? ஓடிப்போய் அவனைக் கையோடு கூட்டியும் வந்தேன்.

அண்ணன் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் பழகியது தரையில் போட்ட கறுப்புக் கோடு பளிச்சென்று தெரிகிற குளத்துத் தண்ணீரில். ஏரியோ செம்மண் கரைசல். தனக்கு இதில் பழக்கமில்லை என்று மெதுவாகச் சொன்னான்.

“அவ்ளோ கப்பு வாங்கிக்கினு வந்த புள்ள நீ. உனுக்கு இது இன்னா பெரிய விஷயமா?” என்றார் ஊர்ப் பெரியவர் ஒருவர்.

மூழ்கியவனின் கூட்டாளி ஒருவன் அண்ணனின் காலைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. அண்ணன் சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தான்.

ஐந்தாவது முங்கலில் எடுத்துவிட்டான். சேற்றில் தடவித் தடவிப் போனபோது முதலில் அந்தப் பையனின் முகத்தில்தான் கை பட்டிருக்கிறது. இது பல வருஷம் கழித்து அம்மா சொல்லித் தெரிந்தது. அன்றைக்கு நான் கண்டதெல்லாம் ஊரே அவனைத் தட்டிக்கொடுத்ததும், ஒருவர் கடைக்கு ஆள் அனுப்பிச் சால்வை வாங்கிவந்து போர்த்தியதும்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அம்மா அவனை வாசலிலேயே நிறுத்தித் தலைக்குத் தண்ணீர் ஊற்றித்தான் உள்ளே விட்டாள். அந்த வாரம் முழுக்கச் சோற்றில் வைத்த கையை முகர்ந்து பார்த்துவிட்டு எழுந்துகொள்வான். பயந்துவிட்டான் என்று அம்மா திருநீறு மந்திரித்து வந்து பூசினாள். ரயிலுக்கும் அவன் போகவில்லை. போட்டிக்கு முன்னால் உடம்புக்கு ஓய்வு நல்லதுதான் என்றார் நைனா.

போட்டிக்குப் புளிசோறு கட்டிக்கொண்டு குடும்பத்தோடு போனோம். இருநூறு மீட்டர், நாலு சுற்று. இரண்டு சுற்று வரை அண்ணன்தான் முன்னால். நான் தொண்டை கிழியக் கத்தினேன். மூன்றாவது சுற்றில் நடுக்குளத்தில் சட்டென்று தலையைத் தூக்கினான். பக்கத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டான். மற்றவர்கள் அவனைத் தாண்டிப் போனார்கள். மேலே ஏறி வந்தவனிடம், காலில் தசை பிடித்துக்கொண்டதா என்று கோச் கேட்டார்.

“கீழ பாக்க முடியல சார்” என்றான்.

அதற்குப் பிறகு அவன் எந்தத் தண்ணீரிலும் இறங்கவில்லை. இன்று ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். அப்பாவுக்கு நீந்தத் தெரியும் என்பதே அவன் பிள்ளைகளுக்குத் தெரியாது. அவன் வாழ்க்கையைக் கெடுத்தவள் நான் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

ஆனால் அன்று திரும்பி வந்த ரயிலில் எனக்கு ஆத்திரம் மட்டும்தான் இருந்தது. அம்மா அண்ணனின் முதுகைத் தடவிக்கொண்டே வந்தாள். மறுநாள் வகுப்பில் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு உட்காருவது என்பது என் கவலை.

“ஏரியில பயப்படாம முங்கினியே. இங்க மட்டும் இன்னா வந்துச்சு உனுக்கு?” என்று கேட்டேன்.

“தப்புதான் பாப்பா” என்றான் அண்ணன்.

அப்படியும் என் மனசு இறங்கவில்லை. ஒரு வாரம் அவனோடு நான் பேசவேயில்லை.