சகலையின் கை வளர்ந்த கதை

போன வாரம் ஒரு லேப்பில் உட்கார்ந்திருந்தேன். ரத்தம் கொடுக்க வந்தது நான் இல்லை, என் சகலை.

அவர் சட்டையை மடித்துக் கையை நீட்டினார். ஊசியோடு வந்த பெண், "உங்களுக்கு நரம்பு தேடவே வேணாம் சார், நல்ல கை" என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நோயாளியாக வந்த இடத்திலும் இந்த மனிதருக்குப் பாராட்டு... என் கை என்றால் இரண்டு இடத்தில் குத்திவிட்டு, ஏதோ நான் நரம்பை ஒளித்து வைத்த மாதிரி முறைப்பார்கள்.

எடுத்தது ஐ.ஜி.எஃப்-1 என்று ஒரு டெஸ்ட். உடம்பை வளர வைக்கும் ஹார்மோன் ஒன்று இருக்கிறது. அது சொல்லித்தான் ஈரல் ஒரு புரதத்தைச் செய்கிறதாம். அந்தப் புரதம் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறார்கள். சகலைக்கு நடந்த ஆபரேஷன் பலித்ததா, மிச்சம் இருக்கிற பார்வை தங்குமா என்பதை இந்த டெஸ்ட்தான் சொல்ல வேண்டும்.

பார்வைக்கும் வளர்ச்சிக்கும் என்ன சம்பந்தம்? சொல்கிறேன். அதற்கு முன்னால் என் வயிற்றெரிச்சலைச் சொல்லியாக வேண்டும்.

என் மாமனார் வீடு உசிலம்பட்டியில். அவருக்கு இரண்டு பெண்கள். மூத்தவளைக் கட்டியவன் நான் - திருநகரில் நோட்டு, பேனா விற்கிற சின்னக் கடை. இளையவளைக் கட்டியவர் வண்டியூர்க்காரர் - டிராக்டர் ஸ்பேர் பார்ட்ஸ் வியாபாரம், சொந்தக் கார். மரியாதை மூத்த மாப்பிள்ளைக்குத்தானே முதலில்? பேச்சுக்கு அப்படித்தான்.

அவர் தெருமுனையில் வரும்போதே குரல் வீட்டுக்குள் வந்துவிடும். மாமியார் அடுப்பை விட்டு ஓடி வருவார். நான் உள்ளே வந்து உட்கார்ந்து, பேப்பரை எடுத்துப் பாதி படித்த பிறகுதான், "அட, மாப்ள எப்ப வந்தீங்க?" என்பார். நான் நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்காதவன் என்பது இந்தப் பத்தியை வழக்கமாகப் படிக்கும் உங்களுக்குத் தெரியும்.

கல்யாணத்தில் எனக்குப் போட்டதைவிட அவருக்குப் போட்ட மோதிரம் கனம். அன்றைக்கு அந்த மோதிரத்தின் மேல் வைத்த கண்ணை நான் எடுக்கவே இல்லை. முதலில் அது மோதிர விரலில் இருந்தது. ஒரு பொங்கலுக்குச் சுண்டு விரலுக்கு வந்தது. பிறகு கொஞ்ச நாள் கையில் இல்லை. ஆசாரியிடம் கொடுத்துப் பெரிதாக்கிப் போட்டுக்கொண்டு வந்தார். அதுவும் பிறகு சுண்டு விரலுக்குப் போனது.

செருப்பும் அப்படித்தான். மாமனார் வீட்டு வாசலில் என் செருப்புக்குப் பக்கத்தில் தன் செருப்பைக் கழற்றிப் போடுவார். தீபாவளிக்குத் தீபாவளி புதுசு. ஒவ்வொன்றும் முந்தியதைவிடப் பெருசு. என்னுடையது வர வர அதன் குட்டி மாதிரி ஆகிவிட்டது.

தாடை அகலமானது. மூக்கு தடித்தது. குரல் இன்னும் இறங்கிக் கனத்தது. சொந்தக்காரர்கள் எல்லோரும் செழிப்பு என்றார்கள். மாமியார் ஒரு விசேஷத்தில் அவரைக் காட்டி என்னிடமே சொன்னார்: "சின்ன மாப்ளைக்கு மொகத்துல ஒரு களை வந்திருக்கு பாருங்க. நீங்களும் இருக்கீகளே... தாலி கட்டுன அன்னைக்கி எப்படியோ, அப்படியே."

நாற்பது தாண்டிய மனிதருக்குக் கால் வளருமா என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை. காசு வந்தால் பாதமும் வளரும் போல என்று நினைத்துக்கொண்டேன்.

போன வருஷம் அவருக்கு ஓயாத தலைவலி. காரை ஓட்டும்போது பக்கத்தில் வருகிற வண்டி தெரியவில்லை என்றார். தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு ஆட்டோவை உரசியும் விட்டார். கண்ணாடி மாற்றினால் சரியாகிவிடும் என்று கண் டாக்டரிடம் கிளம்பினார்கள். காரை ஓட்ட என்னைக் கூப்பிட்டார்கள். எனக்குக் கார் ஓட்டத் தெரியும். கார்தான் இல்லை.

டாக்டர் அவரை நேராகப் பார்க்கச் சொல்லி, விரலை ஓரத்தில் வைத்து ஆட்டினார். சகலைக்கு இரண்டு ஓரமும் தெரியவில்லை. டாக்டர் விரலை எடுத்துவிட்டு அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். மோதிரம் இறுக்கமானதா, செருப்பு அளவு மாறியதா என்று கேட்டார். அதெல்லாம் இல்லை, நம்ம உடம்புவாகே இப்படித்தான் என்றார் சகலை. கொழுந்தியாவும் தலையாட்டினாள். தினமும் பார்க்கிறவளுக்கு எப்படித் தெரியும்?

என் வாய் தானாகத் திறந்துகொண்டது. மோதிரம் விரல் மாறியது, ஆசாரியிடம் போனது, மறுபடி விரல் மாறியது, ஒவ்வொரு தீபாவளிச் செருப்பு, தாடை, மூக்கு, பல்லுக்கு நடுவே விழுந்த இடைவெளி, குரல் - எது முன்னால், எது பின்னால் என்று வரிசையாகக் கொட்டிவிட்டேன். என் ஆயுசில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை.

கொழுந்தியா என்னையே பார்த்தாள்.

"மச்சான், இம்புட்டையும் எப்பப் பாத்தீக?"

என்ன சொல்வேன்? உன் புருஷனைப் பார்த்து வயிறு எரிந்தபோது பார்த்தேன் என்றா?

டாக்டர்தான் என்னைக் காப்பாற்றினார். "கூடப் பிறந்த அண்ணனா நீங்க? இவ்வளவு அக்கறையா யாரும் கவனிக்க மாட்டாங்க."

சகலைக்குக் கண் கலங்கிவிட்டது. என் தோளில் கையை வைத்தார். அந்தக் கை என்ன கனம் கனத்தது என்கிறீர்கள்... நான் குனிந்து தரையைப் பார்த்தேன்.

மூளைக்கு அடியில் உள்ள சுரப்பியில் கட்டி வந்தால் வளர்ச்சி ஹார்மோன் அளவு மீறிச் சுரக்கும், கட்டி பெரிதாகிப் பார்வை நரம்பை அழுத்தும், விட்டால் கண் போய்விடும் என்றார் டாக்டர். ரத்தத்தைப் பார்த்துவிடலாம் என்று எழுதிக் கொடுத்தார்.

அந்த ஹார்மோனையே நேராக அளந்தால் என்ன, எதற்கு அது செய்யச் சொல்கிற புரதத்தை அளக்கிறீர்கள் என்று லேப்பில் இருந்த டாக்டரம்மாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். ஹார்மோன் நேரத்துக்கு நேரம் ஏறும், இறங்கும், ஒரு தடவை பார்த்ததை நம்ப முடியாது. இந்தப் புரதம் அப்படி இல்லை, காலையோ மாலையோ, சாப்பிட்டிருந்தாலும் பட்டினி கிடந்தாலும் பெரிதாக மாறாது என்றார்.

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. கோபத்துக்கும் பொறாமைக்கும் உள்ள வித்தியாசம்தானே இது? கோபம் ஏறும், இறங்கும். பொறாமை எந்த நேரத்தில் அளந்தாலும் அதே அளவில் இருக்கும்.

புரதம் அவர் வயதுக்கு இருக்க வேண்டியதைவிட மிக அதிகம் என்று வந்தது. பிறகு குளுக்கோஸ் தண்ணீர் குடிக்க வைத்து, விட்டு விட்டு ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை உள்ளே போனால் வளர்ச்சி ஹார்மோன் அடங்க வேண்டுமாம். அவருக்கு அடங்கவில்லை. ஸ்கேனில் கட்டி தெரிந்தது. மூக்கு வழியாகவே போய் எடுத்தார்கள்.

ஆபரேஷன் முடிந்து சில மாதம் கழித்துத்தான் போன வாரம் மறுபடி அந்த டெஸ்ட். ரத்தம் கொடுத்துவிட்டுப் பஞ்சை அழுத்திக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டார்.

"மிச்சம் மீதி இருந்து... கண்ணு போயிருமாண்ணே?"

உசிலம்பட்டித் தெருவையே நிறைத்த குரல் அது. அன்றைக்கு என் குரல் அளவுக்கு இறங்கியிருந்தது. அதைக் கேட்க நான் எத்தனை வருஷம் ஆசைப்பட்டிருப்பேன்? கேட்டபோது பிடிக்கவே இல்லை.

"போகாது தம்பி. மொக வீக்கம் வத்தியிருக்கு. வெரலு மெலிஞ்சிருக்கு. நான் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றேன்.

அவர் அதை டாக்டர் சொன்ன மாதிரி நம்பினார். எனக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

ரிசல்ட் அவர் போனுக்கு வந்தது. பெண்டாட்டியிடம் காட்டும் முன்பே என்னைக் கூப்பிட்டுவிட்டார். "அண்ணே, நார்மல்!" கடையில் இரண்டு பேர் நோட்டு வாங்க நின்றார்கள். சில்லறையைத் தப்பாகக் கொடுத்துவிட்டேன். சந்தோஷம்தான். சத்தியமாகச் சந்தோஷம்.

சாயங்காலம் மாமியார் போன் செய்தார். சின்ன மாப்பிள்ளைக்கு ரத்தம் நார்மல் ஆகிவிட்டதாம், வேண்டியபடி குலசாமிக்குக் கிடா வெட்டுகிறார்களாம். சொந்தபந்தம் மொத்தத்துக்கும் சொல்லியாகிவிட்டது. நான் முதல் நாளே வந்து பந்தல் வேலையைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

வாரேன் என்று சொல்லி வைத்தேன்.

நான் பிறந்ததிலிருந்தே நார்மல்தான்... இன்றைக்கு வரை எனக்காக ஒரு கோழி செத்ததில்லை.