சிவப்பு ரிப்பன் கட்டிய செருப்பு

நான் நாலாம் வகுப்பு படித்த வருடம், அரையாண்டு விடுமுறையில் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. அப்பாவைக் காவல் காக்கும் வேலை. சம்பளம் கிடையாது. ஆனால் அதிகாரம் நிறைய இருந்ததால் நான் குறை சொல்லவில்லை.

அப்பாவுக்குச் சர்க்கரை வந்திருந்தது. மாத்திரை மட்டும் போதாது, உடம்பு தினமும் அசைய வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா பட்டு நெசவாளி. ஐயம்பேட்டையில் ஒருவருடைய தறிக்கூடத்தில் நெய்துகொண்டிருந்தார். எங்கள் பிள்ளையார்பாளையம் வீட்டில் தறி போட இடமில்லை. அவர் டாக்டரிடமே வாதாடிப் பார்த்தார்.

"நாள் பூரா தறியில மிதிச்சிக்கினுதான டாக்டர் இருக்கிறேன், அது கணக்குல வராதா?"

வராது என்று டாக்டர் சொன்னார். ஐயம்பேட்டைக்கு ஷேர் ஆட்டோவில் போகாமல் சைக்கிளில் போய்வந்தால் கணக்கில் வரும் என்றும் சொன்னார். வீடு வரும் வழியெல்லாம் அப்பா புலம்பினார். சைக்கிளிலும் உட்கார்ந்துதானே மிதிக்க வேண்டும், அதில் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்டார்.

"அது நகரும், தறி நகராது. அவ்ளோதான்" என்று அம்மா பேச்சை முடித்துவிட்டாள்.

அம்மாவுக்கு அப்பாவின் மேல் பாசம் உண்டு, நம்பிக்கை கிடையாது. அதனால் என்னைக் கேரியரில் ஏற்றிவிட்டாள். டீக்கடையில் சர்க்கரை போட்ட டீ குடித்தாலும், ஷேர் ஆட்டோ பக்கம் தலையைத் திருப்பினாலும் நான் வந்து சொல்ல வேண்டும். தலையை அழுத்திப் பின்னி, இரண்டு பக்கமும் சிவப்பு ரிப்பனில் பூப் போட்டு, ஸ்வெட்டர் மாட்டி அனுப்பினாள்.

மார்கழிக் காற்றை எங்கள் வீட்டில் யாருக்கும் பிடிக்காது. அம்மா வீட்டில் பட்டு இழை சுற்றுவாள். காற்று உள்ளே வந்தால் இழை பறந்து சிக்கிக்கொள்ளும் என்பதால் ஐப்பசியில் சாத்திய ஜன்னலை மாசியில்தான் திறப்பாள். ஆகவே அந்தக் காற்றை நான் முழுசாகச் சந்தித்தது அந்த முதல் நாள் காலையில்தான். ஊருக்குள் இருக்கும்வரை தெருக்கள் எங்களைக் காப்பாற்றின. வீடுகள் முடிந்து வயல்வெளி தொடங்கியதும், வாடைக்காற்று நேராக எங்கள் மூஞ்சியில் அடித்தது. போதாததற்குக் கடலில் ஏதோ தாழ்வு மண்டலம் வேறு. அப்பா குனிந்து மிதித்தார். சைக்கிள் நகர்ந்ததா, நின்றதா என்று சாலையோரப் புளியமரங்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அங்கேதான் அப்பா ஒரு விளையாட்டைத் தொடங்கினார்.

"பாப்பா, செருப்பு கால்ல இருக்குதா பாரு."

நான் குனிந்து பார்த்தேன். "இருக்குதுப்பா."

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி அதே கேள்வி. நான் மறுபடி அதே பதில். காற்றில் எனக்கு அலுப்புத் தட்டாமல் இருக்க இப்படிக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு தடவை பார்க்காமலே "இருக்குது" என்றேன். அடுத்த தடவை பார்த்தபோது இடது காலில் செருப்பு இல்லை.

சைக்கிளை நிறுத்தினோம். செருப்பு எங்கோ பின்னால் விழுந்து கிடந்தது. ரப்பர் தேய்ந்து இரும்பு மட்டும் மிச்சமிருந்த பெடலில் ரத்தம் ஒட்டியிருந்தது. அப்பாவின் பாதத்தில் விரலுக்குக் கீழே நன்றாகவே கிழித்திருந்தது. அவர் அதை யாரோ ஒருவருடைய காலைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வலிக்கலையாப்பா?"

"இல்ல பாப்பா."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நான் முள் குத்தினாலே ஊரைக் கூட்டுகிறவள். இவருக்கு ரத்தம் வந்தும் வலிக்கவில்லை! விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் இதை யார் யாரிடம் எந்த வரிசையில் சொல்ல வேண்டும் என்று அப்போதே மனத்துக்குள் பட்டியல் போட்டுவிட்டேன். காலில் துணியைச் சுற்றிக்கொண்டு, அம்மா கேட்டால் கல் தடுக்கியது என்று சொல்லிக்கொள்கிறேன், நீ மட்டும் சொல்லிவிடக் கூடாது என்று அப்பா கேட்டுக்கொண்டார். வீரர்கள் தம் பெருமையைத் தாமே சொல்லிக்கொள்ள மாட்டார்கள் என்பதால் அதற்கும் சம்மதித்தேன்.

மறுநாளிலிருந்து எங்கள் பயணம் வேறு மாதிரி ஆனது. வயல்வெளி தொடங்கும் இடத்தில் ஒரு டீக்கடை இருந்தது. அதன் பின்பக்கம் சைக்கிளைப் பூட்டிவிட்டு, ஷேர் ஆட்டோவில் ஏறி ஐயம்பேட்டை போனோம். சாயங்காலம் அதே போல ஆட்டோவில் வந்து இறங்கி, சைக்கிளை எடுத்துக்கொண்டு, ஏதோ மலையேறி வந்தவர்கள் மாதிரி வீட்டுக்குள் நுழைந்தோம். காவல்காரி என்ன செய்தாள் என்று கேட்பீர்கள். காவல்காரிக்குக் காலையில் இரண்டு போண்டா. ஒன்று எனக்கு, ஒன்று அப்பாவுக்கு என்று வாங்குவார். அவருடையதையும் எனக்கே தந்துவிட்டு, சர்க்கரை இல்லாத டீயை மட்டும் குடிப்பார். இவ்வளவு நல்ல குணமுள்ளவர் சைக்கிள் மிதிக்க மட்டும் ஏன் இப்படிச் சோம்பல் படுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள நான் பெரிதாக முயலவும் இல்லை. போண்டா சூடாக இருந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் அம்மா என் தலையைத் தொட்டுப் பார்த்தாள்.

"இன்னாடி இது, இந்தக் காத்துல போய் வந்துக்கினு இருக்கிற, ரிப்பன் வெச்ச எடத்துல வெச்சபடி இருக்குது?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா சுவரைப் பார்த்தார்.

நாலாம் நாள் சாயங்காலம் ஆட்டோவை விட்டு இறங்கியதும் டீக்கடை வாசலிலேயே அப்பா என்னை நிற்கவைத்து, ரிப்பனை அவிழ்த்து, இரண்டு கையாலும் முடியைக் கலைத்தார். போதாதென்று சாலையோரத்துப் புழுதியைக் கொஞ்சம் அள்ளித் தலையில் தூவினார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டீக்கடைக்காரர் கண்ணாடியைக் கொண்டுவந்து காட்டினார். புயலில் சிக்கியவள் போல அருமையாக இருந்தேன். ரிப்பன்கள் பாதி அவிழ்ந்து தொங்கினால்தான் பொருத்தமாக இருக்கும், அப்படித்தான் விட வேண்டும் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். விட்டிருந்தால் தப்பித்திருப்போம்.

ஆனால் அப்பா இருபது வருடமாகத் தறியில் உட்கார்ந்தவர். அறுந்த இழை தொங்குவதைப் பார்த்தால் அவர் விரல்கள் அவரைக் கேட்காது. பேசிக்கொண்டே, எங்கோ பார்த்துக்கொண்டே, தொங்கிய ரிப்பன் இரண்டையும் இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டார். முடிச்சுப் போட்டதை அவரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை.

வீட்டில் அம்மா எண்ணெய் தடவ உட்கார்ந்தாள். முடிச்சு அவிழவில்லை. நகத்தால் நெம்பினாள், பல்லால் கடித்தாள், கடைசியில் விளக்குக்குக் கீழே என் தலையைத் திருப்பி வைத்துப் பார்த்தாள். நெய்யும்போது அறுந்த பட்டு இழையைப் பிணைக்கப் போடுகிற முடிச்சு அது. ஒரு தடவை இழுத்தால் இறுகிவிடும், பிறகு வெட்டினால்தான் உண்டு.

"காத்து முடியக் கலைக்கும். முடிச்சு போடுமா?" என்றாள்.

"அவுந்துபோச்சி, நான்தான் கட்டுனேன்" என்றார் அப்பா.

"எங்க அவுந்துச்சி?"

"ஐயம்பேட்டைல" என்று அப்பாவும், "டீக்கடைல" என்று நானும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

அதற்குப் பிறகு நான் எதையும் மறைக்கவில்லை. ஆட்டோ, போண்டா, புழுதி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அம்மா கத்துவாள் என்று காத்திருந்தேன். அவள் கத்தவில்லை என்றதும், அப்பாவைக் காப்பாற்றலாம் என்று அவருடைய வீரத்தையும் எடுத்துவிட்டேன். பெடல் கிழித்தது, ரத்தம் வந்தது, அப்பாவுக்குக் கொஞ்சம்கூட வலிக்கவில்லை என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன்.

அம்மாவின் முகம் மாறியது. எழுந்துபோய் அப்பாவின் இடது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். துணி சுற்றியிருந்ததைப் பிரித்தாள். புண் ஈரமாக இருந்தது. அவருடைய பாதத்தில் ஒவ்வொரு இடமாக அழுத்தி, "இங்க? இங்க?" என்று கேட்டாள். அப்பா ஒவ்வொரு தடவையும் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"எத்தினி நாளா மரத்துக் கெடக்குது?"

"ஆடியில இருந்து" என்றார் அப்பா. "தறியில மிதிகட்டைய எட்டிப் பாத்துதான் மிதிக்கிறேன். காத்துக்கு எதுருல குனிஞ்சி மிதிக்கசொல்ல கால எங்க பாக்கிறது" என்றார்.

அம்மா அழுதாள். பொய் சொன்னது அவர், மாட்டிக்கொண்டது அவர், அழுவது மட்டும் இவளா என்று எனக்குக் கோபமாக வந்தது.

மறுநாள் அம்மா அப்பாவை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப் போட்டார்கள். நல்லவேளை சீக்கிரம் வந்தீர்கள், இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் விரலை எடுக்க வேண்டி வந்திருக்கும் என்று டாக்டர் சொன்னதாக அம்மா பக்கத்து வீட்டில் சொன்னது என் காதில் விழுந்தது. புண் ஆறட்டும், ஆறியதும் சைக்கிளை விடாதீர்கள், காலை மட்டும் கண்ணால் பார்த்துக்கொண்டே இருங்கள் என்று சொன்னாராம்.

புண் ஆறுவதற்குள் என் விடுமுறை முடிந்துவிட்டது. பொங்கல் லீவில் மறுபடி கேரியரில் ஏறினேன். பெடலுக்குப் புது ரப்பர் போட்டிருந்தார்கள். பின்னால் வார் வைத்த செருப்பு அப்பாவின் அளவுக்குக் கிடைக்க இரண்டு நாள் ஆகும் என்று கடையில் சொல்லிவிட்டார்கள். அம்மா என் சிவப்பு ரிப்பனை எடுத்துவந்தாள். சாக்ஸ் போட்ட காலில் செருப்பை வைத்து, இறுக்கமாக இல்லாமல், கழன்றும் விழாமல், மேலே பூப் போட்டுக் கட்டினாள்.

"இப்டி எப்டிடீ தெருவுல போறது" என்று அப்பா கெஞ்சினார்.

"போ" என்றாள் அம்மா.

பிள்ளையார்பாளையமே வேடிக்கை பார்க்க, ஒற்றைக் காலில் சிவப்பு ரிப்பன் பூவுடன் அப்பா மிதித்துக்கொண்டு போனார். குற்றம் செய்தவருக்கு அலங்காரம், உண்மை சொன்னவளுக்கு மொட்டைச் சடை. நியாயம் என்று ஒன்று உலகத்தில் உண்டா என்று யோசித்துக்கொண்டே நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

டீக்கடையை அன்று தாண்டினோம். டீக்கடைக்காரர் கையைத் தட்டினார். அதற்கப்பால் காற்று அப்படியேதான் இருந்தது. அப்பா மூன்று கரண்ட் கம்பம் மிதிப்பார், இறங்கி ஒரு கம்பம் தள்ளுவார். மறுநாள் நாலு கம்பம் மிதித்தார். "செருப்பு இருக்குதா பாரு" என்று கேட்பதை மட்டும் விடவில்லை. நானும் பார்க்காமல் ஒரு தடவைகூடப் பதில் சொல்லவில்லை. பிறகு சனி, ஞாயிறுகளில் மட்டும் நான் கூடப் போனேன். தை முடியும்போது தள்ளாமலே ஐயம்பேட்டைக்குப் போய்ச் சேர்ந்தோம். திரும்பும்போது அதே காற்று முதுகைப் பிடித்துத் தள்ள, அப்பா மிதிக்காமலே கையை விட்டுவிட்டு ஓட்டிக் காட்டினார். நான் அலறினேன். அவர் இப்படிச் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை.

பள்ளியில் என் பட்டியல் நன்றாக வேலை செய்திருந்தது. எங்கப்பாவுக்கு எது குத்தினாலும் வலிக்காது என்பது வகுப்பு முழுக்கத் தெரியும். ஒருத்தி அவள் சித்தப்பாவைப் பற்றி அதேபோலச் சொல்லிப் பார்த்தாள், யாரும் நம்பவில்லை.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காற்று தணிந்திருந்தது. அம்மா ஜன்னலைத் திறந்து வைத்து இழை சுற்றிக்கொண்டிருந்தாள். நாங்கள் வந்து இறங்கினோம். அப்பா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, வழக்கம் போலப் பாதத்தைத் திருப்பிப் பார்ப்பதற்கு முன்பே இடது காலைத் தரையில் வைத்தார். "ஆ!" என்று கத்திக்கொண்டு தூக்கினார். ஒற்றைக் காலில் நொண்டியபடி உள்ளே ஓடினார்.

"முள்ளு குத்திச்சிமே! நெருஞ்சி முள்ளு! குத்திச்சி!"

அம்மா இழையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். "எங்க? எங்க குத்திச்சி?" என்று அவர் காலைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். அவர் காட்டக் காட்ட அவள் சிரித்தாள். அப்புறம் இரண்டு பேருமே சிரித்துக்கொண்டு, முள்ளை எடுக்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு நெருஞ்சி முள்ளுக்குப் போய்த் தெருவே கேட்கக் கத்துகிற அப்பாவை வைத்துக்கொண்டு, திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் நான் எந்த முகத்தோடு நிற்பது?