கப்பல் கந்தோரில் கிரேக்கம்

குடாவுக்குள் நுழையும் கப்பல் ஒரு தரம்தான் ஊதும். மலைகள் அந்த ஊதலை வாங்கி, ஒன்று மற்றொன்றிடம் கொடுத்து, இளைத்த குரலாகத் திருப்பி அனுப்பும். எத்தனையோ வருஷங்களுக்கு முன் கேட்ட அந்த ஊதலை நினைத்தால் இன்றைக்கும் என் கை தன்பாட்டில் சேலைக் கொசுவத்தைப் பிடித்துக்கொள்கிறது. கயிற்றேணியில் ஏறப்போகிறோம் என்று அதற்கு எண்ணம். பண்டைய கிரேக்கத் தத்துவம் படித்தவளின் தொழிலில் கயிற்றேணி எங்கே வந்தது என்று கேட்பீர்கள். சோறு போடாத படிப்பை ஆசை ஆசையாகப் படித்துவிட்டு ஊர் திரும்பிய அன்பர்களே, உங்களுக்கு மட்டும் இது விளங்கும்: எங்கள் தொழிலில் எதுவும் எங்கிருந்தும் வரும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் பட்டத்தோடு திருகோணமலைக்குத் திரும்பினேன். மேற்படிப்புக்கு இங்கிலாந்து போக இடம் கிடைத்திருந்தது. அப்பா பாரிசவாதத்தில் படுத்ததால் போகவில்லை. அதை அவ்வளவோடு விடுகிறேன். பள்ளிக்கூடங்கள் கிரேக்கத்தைக் கைவிட்டிருந்தன. மாலையில் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து, நஞ்சு குடிக்கக் காத்திருந்த ஒரு கிழவர் சிறைக்குள் தன் நண்பர்களோடு கதைத்ததைத் தமிழில் எழுதிக்கொண்டிருந்தேன். பகலுக்கு ஒரு வேலை வேண்டும். கிடைக்காவிட்டால் கொழும்பில் பெரியம்மாவின் கடையில் புடவை அளந்து கொடுக்கப் போவது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. அப்பாவையும் கிரேக்கத்தையும் ஒரே நாளில் விட்டுப் போவது அது.

எவ்வளவு பழசு

அருளப்பு முதலாளி கப்பல் ஏஜண்ட். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்குத் தண்ணீர், மரக்கறி, வள்ளம், டொக்டர் எல்லாம் ஒழுங்கு செய்து கொடுப்பது, கொழும்புக் கம்பெனி ஒன்றின் கிளையான அவருடைய கந்தோர். தேயிலை ஏற்ற வரும் கிரேக்கக் கப்பல்கள் மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. எல்லாம் தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்த போட்டி ஏஜண்டின் எதிர்க் கந்தோருக்கே போயின. கிரேக்கம் படித்த பெண் ஒருத்தி லிங்கநகரில் சும்மா இருக்கிறாள் என்று பூசை முடிந்து வரும்போது யாரோ சொல்ல, ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்.

நான் ஒன்றையும் ஒளிக்கவில்லை. "ஐயா, எனக்குத் தெரிஞ்சது பழைய கிரேக்கம். இப்ப அவையள் கதைக்கிறது வேற" என்றேன். "எவ்வளவு பழசு?" என்றார். "இரண்டாயிரத்து நானூறு வருஷம் இருக்கும்." முதலாளி கதிரையில் சாய்ந்து முகட்டைப் பார்த்தார். மூன்று மாதம் வைத்துப் பார்ப்பதாகவும், அதற்குள் கிரேக்கக் கப்பல்கள் எங்கள் பக்கம் திரும்பாவிட்டால் கொழும்புத் தலைமைக் கந்தோர் என்னை வேலையிலிருந்து நிற்பாட்டிவிடும் என்றும் சொன்னார். என் முகம் வாடியிருக்க வேண்டும். "யோசிக்காதேங்கோ பிள்ளை. தமிழும் பழசுதானே, நாங்கள் கதைக்கேல்லையோ?"

முதல் வணக்கம்

கப்பல்களுக்கு ஏறி இறங்கும் வேலை கிண்ணியாவைச் சேர்ந்த ஹனிபா நானாவுடையது. முதலாளி எப்படியோ பேசிப் பிடித்த முதல் கிரேக்கக் கப்பல் வந்த அன்று அவரோடு நானும் வள்ளத்தில் போனேன். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு கயிற்றேணியில் நான் ஏற, மேலே மாலுமிகள் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். கப்டனின் அறைக்குள் போய், பல்கலைக்கழகத்தில் ஆங்கிலேயப் பேராசிரியர் பழக்கிய உச்சரிப்பில், பழைய முறைப்படி நிறுத்தி நிதானமாக வணக்கம் சொல்லி, அவருடைய நலத்தையும் அவருடைய தோழர்களின் நலத்தையும் விசாரித்தேன்.

கப்டன் எழும்பித் தொப்பியைக் கழற்றினார். பிறகு சிலுவைக் குறி இட்டுக்கொண்டார். வாசலில் கோப்பியோடு நின்ற சமையற்காரரும் தட்டை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு சிலுவைக் குறி இட்டார். அவர்கள் நாட்டில் அந்தப் பழைய சொற்கள் மிச்சமாக நின்ற இடம் கோயில் பூசை ஒன்றுதான் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. என் காதுக்குப் பக்கத்தில் ஹனிபா நானா மெல்லச் சொன்னார்: "தங்கச்சி, எத்தன தொன் தண்ணி வேணுமெண்டு கேக்கச் சொன்னா, நீங்க பாத்திஹா ஓதிப்போட்டு நிக்கிறீங்க."

எல்லாம் தண்ணீர்

தண்ணீர் வள்ளத்தைக் கப்பலோடு அணைத்துக் குழாயைப் பூட்டிவிட்டால், பம்ப் ஓடி முடியும் வரை காவல் இருக்க வேண்டும். வெயில் கடலில் விழுந்து உடைந்து கண்ணில் குத்தும். நேரம் போகட்டும் என்று என் பாடத்தின் முதல் பக்கத்தை ஹனிபா நானாவுக்குச் சொன்னேன். கிரேக்கத் தத்துவத்தைத் தொடக்கி வைத்தவர் நம்முடையதைப் போல ஒரு துறைமுகப் பட்டினத்துக்காரர். உலகத்தில் காணும் எல்லாவற்றுக்கும் மூலம் தண்ணீர்தான் என்று சொன்னவர்.

நானா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கடலைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார். "ஆரிட்ட சொன்னவர்?" "ஊராக்களிட்ட." "கப்பல்காரங்களிட்டயும் சொல்லியிருப்பாரோ?" "சொல்லியிருக்கலாம்." அவருக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. "அப்ப அந்தாளிட்டச் சொந்தமா ஒரு தண்ணி வள்ளம் இருந்திருக்கும், தங்கச்சி."

ஆமை

இரண்டாம் மாதமும் முடிந்தது. அந்த முதல் கப்பலுக்குப் பிறகு வந்த கிரேக்கக் கப்பல்கள் பழையபடி எதிர்க் கந்தோருக்கே போயின. கொழும்பிலிருந்து பெரியம்மா, கடைக்கு மேலே எனக்கு ஒரு அறை ஒதுக்கியாயிற்று என்று சொல்லியனுப்பினார். முதலாளி என்னைப் பார்க்கும்போதெல்லாம் குற்றவாளி போலக் குனிந்தார். அவரைக் கொஞ்சம் தேற்றலாம் என்று நான் படித்த ஆமைப் புதிரைச் சொன்னேன். ஆமையை முன்னால் விட்டு ஓட்டக்காரன் ஒருவன் துரத்துகிறான். ஆமை நின்ற இடத்துக்கு அவன் வருவதற்குள் ஆமை கொஞ்சம் நகர்ந்துவிடும். அந்த இடத்துக்கு அவன் வருவதற்குள் இன்னும் கொஞ்சம். ஆகவே அவனால் பிடிக்கவே ஏலாது.

முதலாளி மேசையில் தீப்பெட்டியை ஆமையாகவும் பேனையை ஓட்டக்காரனாகவும் வைத்து நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். முகம் மலர்ந்தது. இந்த ஓட்டத்தில் பின்னால் நிற்பவர்கள் நாங்கள் என்பதை நான் எடுத்துச் சொல்லப் போகவில்லை. "அப்ப நாங்கள் ஆமை. எதிர்க் கந்தோர்க்காரன் குத்துக்கரணம் அடிச்சாலும் எங்களைப் பிடிக்க ஏலாது. நல்ல படிப்புத்தான் பிள்ளை, நீங்கள் படிச்சது."

நிக்கோவின் வயிறு

மூன்றாம் மாதத்தில் ஒரு காலை, எதிர்க் கந்தோருக்கு வந்திருந்த கிரேக்கக் கப்பலின் கப்டன் எங்கள் வாசலில் வந்து நின்றார். எஞ்சின் அறையில் வேலை செய்யும் நிக்கோ என்பவருக்குக் குடல்வால் வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், ஒப்பரேசனுக்கு விடமாட்டேன் என்கிறார். கப்டன் அதட்ட அதட்டக் கட்டிலின் இரும்பை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறார். திருகோணமலையில் கோயில் பாஷை பேசும் பெண் ஒருத்தி இருப்பதாக முதல் கப்பலின் கப்டன் சொல்லிவைத்திருந்தாராம். அவள் சொன்னால் கேட்பான் என்று நம்பி வந்திருந்தார்.

போனேன். பயந்த மனிதனுக்கு ஆறுதலாக என்ன சொல்வது? நான் படித்த கிரேக்கத்தில் ஆறுதல் எல்லாம் ஒரே வகை. உடல் அழியும், ஆன்மா அழியாது என்றேன். நிக்கோ தேம்பி அழுது, பாதிரியாரைக் கூட்டிவரச் சொன்னார். டொக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் ஒரு மணித்தியாலம் போனால் குடல்வால் வெடித்துவிடும் என்றார். அப்போதுதான் அந்தச் சிறைக்கூடத்துக் கிழவர் ஒருவருக்கும் ஆறுதல் சொன்னவரல்ல, கேள்விதான் கேட்டவர் என்பது எனக்கு நினைவு வந்தது. கட்டிலோரம் இருந்து கேட்கத் தொடங்கினேன். எனக்குச் சொல் முட்டிய இடத்தில் கப்டன் இந்தக் காலத்துச் சொல்லைப் போட்டார். தோணியின் பலகை ஒன்று அழுகினால் அது நல்லதா, கெட்டதா? கெட்டது. அழுகல் அந்தப் பலகையோடு நிற்குமா, பரவுமா? பரவும். பலகையை வெட்டி எடுக்கிறவன் தோணிக்கு நண்பனா, பகைவனா? நண்பன். வெட்டாமல் பார்த்துக்கொண்டு நிற்கிறவன்? நிக்கோ முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். நான் விடவில்லை. அடுத்த கேள்வி, அதற்கடுத்த கேள்வி. கடைசியில் இரும்பிலிருந்து கையை எடுத்து ஓம் என்று தலையாட்டினார். தள்ளுகட்டிலில் அவரைக் கொண்டுபோகும்போது டொக்டர் என் பக்கம் திரும்பினார்: "மிஸ், அந்தாள் ஓமெண்டது ஒப்பரேசனுக்கோ, இல்லை உங்கட கேள்வி நிண்டால் போதும் எண்டோ?"

கொழும்பிலிருந்து வந்தவர்

மூன்று மாதத் தவணை முடிய, தலைமைக் கந்தோர் மனேஜர் கழுத்துப்பட்டியோடு வந்து இறங்கினார். கிரேக்கக் கப்டன்மார் எல்லோருக்கும் இங்கிலீஸ் ஓரளவு தெரியும், பிறகு இந்தப் பெண்ணுக்கு இங்கே என்ன வேலை என்று முதலாளியைக் கேட்டார். முதலாளி நிக்கோவின் கதையைத் தொடங்கித் தோணிப் பலகையில் சிக்கி நின்றார். நான் வெளியே மேசையில் என் சாமான்களை ஒதுக்கத் தொடங்கியிருந்தேன்.

அந்த நேரம் குடாவில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு ஊதல்கள் கேட்டன. கொஞ்சத்தில் ஹனிபா நானா இரண்டு கிரேக்கக் கப்டன்மாரைக் கூட்டிக்கொண்டு வந்தார். நிக்கோவின் கப்டன் கடலில் கண்ட கப்பலுக்கெல்லாம் வயர்லெஸ்ஸில் சொல்லிக்கொண்டு போயிருக்கிறார். இருவரும் என் மேசைக்கு முன்னால் தொப்பியைக் கழற்றி நின்று, தண்ணீருக்கும் மரக்கறிக்கும் எங்களிடமே ஒழுங்கு சொல்லி, போகுமுன் பழைய பாஷையில் ஏதாவது சொல்லும்படி கேட்டார்கள். சொன்னேன். சிலுவைக் குறி இட்டுக்கொண்டு போனார்கள். மனேஜர் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார். "எனக்கு ஒண்டும் விளங்கேல்லை, மிஸ்டர் அருளப்பு. ஆனா இவவை மாத்தவேண்டாம்."

தேயிலைக் கப்பல்கள் குறைந்து கந்தோர் பூட்டப்படும் வரை அந்த மேசையில் இருந்தேன். அப்பா கண்மூடும்போது பக்கத்தில் இருந்தேன். சிறைக்கூடத்துக் கிழவரையும் தமிழில் முடித்தேன். அச்சுப் போட ஒருவரும் முன்வரவில்லை. தத்துவம் படித்தவள் என்ற பெயரில் என் வாழ்நாளில் நான் வென்ற வாதம் ஒன்றே ஒன்றுதான், அதில் தோற்ற நிக்கோ அதன் பிறகு கப்பலேறாமல், தன் தீவில் ஆடு வளர்த்து, நல்ல கிழவனாகும் வரை இருந்து செத்தார்.