‘இல்லை’ என்று குறித்த கட்டம்

2024 ஜூலை 10, புதன்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். தேவாரம் சாலையில் நாற்பது நிமிட நடை. சாரல் இருந்ததால் குடை. ஏழரைக்கு இட்லி. ஒன்பது மணிக்கு மாடித் தொட்டியைக் கழுவினேன். பத்தரைக்கு லேப்டாப்பைத் திறந்தேன். என் நாட்குறிப்பில் அன்றைய பக்கம் இப்படித்தான் போகிறது. அந்தப் பத்தரை மணிக்கு என் மனைவி கம்பத்தில் கழுத்துக்கு ஸ்கேன் எடுத்துக்கொண்டு இருந்திருக்க வேண்டும். அதை நான் எழுதவில்லை. போக வேண்டாம் என்று முந்தின நாள் அவளிடம் சொன்னவன் நான்தான்.

பதினோரு வருடங்களாகத் துபாயில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறேன். வருடத்துக்கு ஒரு மாதம் விடுப்பில் கோம்பைக்கு வருவேன். மகன் மதுரையில் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டதால், அந்த வருடம் மனைவியையும் அழைத்துப்போவது என்று முடிவு செய்திருந்தோம். கம்பெனியின் மருத்துவக் காப்பீடு எனக்கு மட்டும்தான். அவளுக்கு நானே தனியாரிடம் எடுக்க வேண்டும். அது இல்லாமல் குடும்ப விசா நடக்காது. மூன்று திட்டங்களை அச்செடுத்து வரிவரியாகப் படித்தேன். ஒன்று, ஊருக்கு வந்தால் செல்லாது. இன்னொன்றின் பட்டியலில், நாங்கள் குடியிருக்கப் போகும் பகுதியில் ஓர் ஆஸ்பத்திரிகூட இல்லை. மூன்றாவது எல்லாவற்றுக்கும் பொருந்தியது. அதன் விண்ணப்பத்தில், ஏழாம் பக்கத்தில், ஒரு கேள்வி இருந்தது: கடந்த இரண்டு வருடங்களில் கட்டி, வீக்கம், அதற்கான பரிசோதனை ஏதேனும் உண்டா?

அவள் கழுத்தில் வலது பக்கம் ஒரு கட்டி இருந்தது. சித்திரைத் திருவிழா சமயத்தில் கண்டுபிடித்தாள். நெல்லிக்காய் அளவு என்று போனில் சொன்னாள். நான் வந்த பிறகு உத்தமபாளையத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். ஸ்கேன் எடுத்துவரச் சொல்லிச் சீட்டு எழுதித் தந்தார்.

காப்பீடு விற்கும் ஏஜென்ட் துபாயில் இருக்கிறார், மலையாளி. விவரத்தைச் சொன்னதும் குரலைத் தணித்துக்கொண்டார். “சாரே, இப்போ ஸ்கேன் எடுத்தா அது ரெக்கார்டு. எடுத்தில்லெங்கில் ஒண்ணுமில்ல. மேடம் இங்க வரட்டும், ஆறு மாசம் கழிஞ்சு மெதுவா பாக்கலாம்.”

அவர்மேல் பழியைப் போட முடியாது. கேள்வியில் பரிசோதனை மட்டும் இல்லை, கட்டி என்ற சொல்லும் இருந்தது. அதன் அடியில் நான் பச்சைப் பேனாவால் கோடு போட்டிருந்தேன். தெரிந்தேதான் ‘இல்லை’ என்ற கட்டத்தில் குறியிட்டேன்.

அன்று மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு விண்ணப்பத்தைக் கையெழுத்துக்காக அவளிடம் கொடுத்தேன். என்னைப் போலவே அவளும் முழுக்கப் படிப்பவள். ஏழாம் பக்கத்தில் நின்றாள்.

“கையெழுத்து நான்தேன் போடணுமா?”

“ஆமா, உன் பேர்லதானே எடுக்கிறோம்.”

“அப்ப பொய்யும் நான்தேன் சொல்லணும். நீங்க பேனா மட்டும் எடுத்துக் குடுப்பீக.”

சிரித்துக்கொண்டே போட்டாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது.

நான்கு மணிக்குச் சுருளிப்பட்டியிலிருந்து என் அக்கா வந்தாள். ஒரு பை நிறையப் பன்னீர் திராட்சை. கட்டியைப் பற்றி அவளுக்குத் தெரியும். உட்கார்ந்ததும் முதலில் அதைத்தான் கேட்டாள்.

“ஏத்தா, ஸ்கேனு என்னன்னு வந்துச்சு?”

“மிசினு ரிப்பேராம் மதினி. இன்னொரு நாளைக்கு வரச் சொல்லிட்டாக.”

அப்படிச் சொல்லும்படி நான் அவளிடம் கேட்டுக்கொள்ளவில்லை. என்னைக் காப்பாற்ற அவளாகவே சொன்னாள்.

“ரிப்பேரா? எங்க தெருக்காரி இன்னைக்குக் காலையிலதான அங்கன போயி எடுத்துட்டு வந்தா,” என்றாள் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பினாள். “ஏலே, அவ எதுக்கு மென்னு முழுங்குறா? நீ சொல்லு.”

சொன்னேன். விசா, விண்ணப்பம், ஏழாம் பக்கம், எல்லாவற்றையும் வரிசை மாறாமல். அக்கா குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“சரி. அந்தக் கம்பெனிக்காரன் சம்மதிக்கிற வரைக்கும் கட்டி பேசாம இருக்கும்னு எவனாவது ஒன்கிட்ட எழுதிக் குடுத்திருக்கானா? நீதேன் எல்லாத்துக்கும் பேப்பரு கேப்பியே.”

அக்கா காப்பியைப் பாதி குடித்து வைத்துவிட்டு ஐந்தே முக்கால் பஸ்ஸுக்குக் கிளம்பினாள். வாசலில் என் மனைவியின் கன்னத்தைத் தொட்டாள். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

இரவுச் சாப்பாட்டின்போது மனைவிதான் பேச்சை எடுத்தாள்.

“மதினி வைஞ்சாகன்னு மாத்திக்கிட வேணாம். உண்மையப் போட்டு அவுக மாட்டேன்னுட்டா, விசாவும் போச்சு. இன்னும் எத்தன வருசம் நான் இங்கன, நீங்க அங்கன?”

அவள் போக ஆசைப்பட்டாள். அதனால்தான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் ஸ்கேனைத் தள்ளிப்போட்டிருக்கிறாள்.  அந்த ஆசையை வைத்துத்தான் அவளைச் சம்மதிக்க வைத்திருக்கிறேன்.

“உனக்குப் பயமா இல்லையா?” என்று கேட்டேன்.

“இல்லாம இருக்குமா? விடிஞ்சதும் தொட்டுப் பாப்பேன். ஒரு நாளைக்குப் பெருசாயிட்ட மாதிரி இருக்கும், ஒரு நாளைக்கு அப்படியே இருக்கும். நம்ம விரலு நமக்கு உண்மையச் சொல்லுமா?”

கிடங்கில் ஒரு பெட்டி வந்தால், கூட வரும் தாளில் உள்ள அளவை நான் நம்புவதில்லை. டேப் வைத்து அளந்து பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவேன். இவள் கட்டியை நான் ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. நெல்லிக்காய் அளவு என்பது அவள் போனில் சொன்னது. அதையே வைத்துக்கொண்டு, ஆறு மாதம் பொறுக்கலாம் என்று நானாகக் கணக்குப் போட்டிருந்தேன்.

அவளிடம் மன்னிப்புக் கேட்டால், பரவாயில்லை என்பாள். அது எனக்கு வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன், நடைக்குப் போகவில்லை. அவள் கண் விழிக்கும்வரை கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். விழித்ததும், “காட்டு” என்றேன். அவள் தலையை இடப்பக்கம் சாய்த்தாள். இரண்டு விரலால் தொட்டேன். கெட்டியாக இருந்தது. நெல்லிக்காயைவிடப் பெரிது.

“கிளம்பு. முதல் பஸ்ல கம்பம் போறோம், ஸ்கேன் எடுக்க,” என்றேன்.