மரவள்ளிக்கிழங்கும் இஞ்சி பிஸ்கட்டும்

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அ, ஆ படிக்குமுன்பே ஒன்றைப் படித்துவிடுகிறார்கள்: மரவள்ளிக்கிழங்கு போன வயிற்றுக்குள் இஞ்சி போகக் கூடாது. போனால் நஞ்சு. எப்படி நஞ்சு, யார் செத்தது, எந்த ஊரில் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் கிழங்கு அவிக்கிற நாளில் குசினியில் கிடக்கும் இஞ்சித் துண்டை எடுத்து ஒளித்துவைக்கிற வீடுகள் உண்டு. என் வீடும் அதில் ஒன்று. முன்பள்ளி ஆசிரியைகளுக்கான பயிற்சியில் போசாக்குப் பற்றி வகுப்பு எடுத்தார்கள். மாச்சத்து, புரதம், இரும்புச்சத்து எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினேன். இஞ்சியைப் பற்றி அங்கே யாரும் வாய் திறக்கவில்லை, நானும் கேட்கவில்லை. உயிர் போகிற விஷயத்தில் ஆராய்ச்சி எதற்கு?

துணுக்காய்ப் பக்கத்தில் என் முன்பள்ளி. தகரக் கூரை, அரைச் சுவர், பதினேழு பிள்ளைகள், நான் ஒருத்தி. ஒன்பதரை மணிக்குப் பிள்ளைகளுக்கு ஒரு சாப்பாடு. தாய்மார் முறைவைத்துச் சமைத்துக்கொண்டு வருவார்கள். ஒருநாள் கௌபிப் பயறு, ஒருநாள் கஞ்சி, ஒருநாள் கிழங்கு.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த வருடத் தொடக்கத்தில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் தாய்மாரைப் பிடிபிடி என்று பிடித்திருந்தேன். "வெறும் வயித்தோட பிள்ளையளைக் கொண்டுவந்து விடாதேங்கோ. காலமைச் சாப்பாடு இல்லாமல் வாற பிள்ளையை நான் திருப்பி அனுப்பிப்போடுவன், சொல்லிப்போட்டன்" என்றேன். தாய்மார் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார்கள். அடுத்த நாளிலிருந்து தினமும் காலையில் பிள்ளைகளை வட்டமாக இருத்தி என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பேன். புட்டு, பாண், ரொட்டி, இடியப்பம் என்று வரிசையாகச் சொல்லுவார்கள். ஒருத்தராவது சாப்பிடவில்லை என்று சொன்னதில்லை. என் பேச்சு வேலை செய்துவிட்டது என்று எனக்குப் பெருமையோ பெருமை.

அன்றைக்குக் கிழங்கு முறை. கொண்டுவந்த தாய் சட்டியைத் திறந்தபோது ஆவி பறந்தது. மாப்பிடிப்பான நல்ல கிழங்கு, தேங்காய்ப்பூவும் செத்தல்மிளகாய்ச் சம்பலும். பிள்ளைகள் சத்தமில்லாமல் சாப்பிட்டார்கள். சாப்பாட்டில் ஒரு பெண்பிள்ளைதான் எப்போதும் முதல். சின்ன உருவம், பெரிய கண். கோப்பையை வழித்து, விரலை நக்கி, மற்றவர்கள் பாதியில் நிற்கும்போதே முடித்துவிடுவாள். அன்றும் நாலு துண்டு கேட்டு வாங்கினாள். "பாருங்கோ, இவாவைப் போலச் சாப்பிட வேணும்" என்று மற்றப் பிள்ளைகளுக்கு அவளைக் காட்டினேன். அது நான் அடிக்கடி சொல்லுகிற கதைதான்.

அந்த நேரம் பார்த்து ஒரு பிள்ளையின் தகப்பன் மோட்டார் சைக்கிளில் வந்து, மகளுக்குப் பிறந்தநாள் என்று இரண்டு பெட்டி பிஸ்கட்டைத் தந்துவிட்டு வயலுக்குப் போய்விட்டார். நானே பிரித்தேன். நானே கொடுத்தேன். இரண்டு கேட்ட பிள்ளைக்கு இரண்டு. நானும் ஒன்றைக் கடித்தேன். நாக்கில் காரம் பட்டது. அப்போதும் எனக்கு மண்டையில் ஏறவில்லை.

சட்டியைக் கழுவிக்கொண்டிருந்த தாய்தான் வெற்றுப் பெட்டியை எடுத்துப் பார்த்தா.

"ஐயோ ரீச்சர், இது இஞ்சி பிஸ்கட்டெல்லோ! பிள்ளையள் கிழங்கு திண்டதுகளெல்லோ!"

பதினேழு வீட்டு வாசலிலும் செத்தவீட்டுப் பந்தல் போட்டிருப்பது கண்ணுக்கு முன்னால் வந்தது. பிள்ளைகள் வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரையும் பாயில் இருத்தி, நாக்கை நீட்டச் சொன்னேன். நாக்கில் என்ன தெரியும் என்று எனக்கே தெரியாது. அவர்களுக்கு அது புது விளையாட்டு. பதினேழு நாக்கும் வெளியே வந்தன, பிறகு உள்ளே போக மறுத்தன.

எங்கள் பகுதிக் குடும்பநல மாதுவுக்கு ஃபோன் எடுத்தேன். கர்ப்பிணிகளையும் சின்னப் பிள்ளைகளையும் வீடு வீடாகப் போய்ப் பார்க்கிறவா. அவாவுக்கு நடந்ததைச் சொல்லி முடிக்குமுன்பே எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அழாதேங்கோ ரீச்சர். ஆருக்கும் தலைச்சுத்து, சத்தி இருக்கோ?"

"இல்லை மிஸ்."

"இஞ்சிக் கதையை விடுங்கோ. கிழங்கை எப்ப பிடுங்கினது? மூடி அவிச்சதோ, திறந்து அவிச்சதோ? முதல்ல அதைக் கேளுங்கோ. நஞ்செண்டால் அது கிழங்குக்குள்ளதான் இருக்கும், பிஸ்கட்டுக்குள்ள இல்லை."

பக்கத்தில் நின்ற தாய் தானாகவே பதில் சொன்னா. "இண்டைக்குக் காலமை பிடுங்கினது. திறந்துதான் அவிச்சனான். தண்ணியையும் ஊத்திப்போட்டன்."

"அப்ப பயமில்லை. எண்டாலும் நான் வாறன். ஒருத்தரையும் நித்திரை கொள்ள விடாதேங்கோ, பாத்துக்கொண்டிருங்கோ" என்று அவா ஃபோனை வைத்தா.

பயமில்லை என்று அவா சொன்னால் போதுமா? சின்ன வயதிலிருந்து ஊறின பயம் ஒரு ஃபோனில் போய்விடாது. நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒருவன் கொட்டாவி விட்டான். எனக்கு உயிர் போய் வந்தது. ஒருத்தி இருமினாள், ஓடிப் போய் நெஞ்சைத் தடவினேன். கடவுளே, என் கையால் கொடுத்தது, என்னை எடு, இதுகளை விடு என்று வாய்விட்டே சொன்னேன்.

அப்போதுதான் அந்தப் பெரிய கண்ணுக்காரி எழும்பி, சுவரைப் பிடித்துக்கொண்டு, தின்றதெல்லாம் வெளியே வரச் சத்தி எடுத்தாள்.

நான் போட்ட சத்தத்தில் மற்றப் பிள்ளைகளும் அழத் தொடங்கினார்கள். கிழங்கு கொண்டுவந்த தாய் ஓட்டோ மறிக்க ரோட்டுக்கு ஓடினா. நான் பிள்ளையை மடியில் போட்டு, பெயர் சொல்லிச் சொல்லி உலுக்கினேன். "கண்ணைத் திற அம்மாச்சி, கண்ணைத் திற" என்று கத்தினேன். அவள் கண்ணைத் திறந்துகொண்டுதான் இருந்தாள். நான்தான் பார்க்கவில்லை.

ஓட்டோவுக்கு முதல் குடும்பநல மாதுவின் ஸ்கூட்டி வந்துவிட்டது. அவா அவசரப்படவில்லை. பிள்ளையின் கண், மூச்சு, நாடி எல்லாம் பார்த்தா. பிறகு சுவரோரம் குந்தியிருந்து, சத்தியை உற்றுப் பார்த்தா. எனக்கு அருவருப்பைவிடப் பயம்தான் கூடியது.

"காலமை என்ன சாப்பிட்டவா?"

"புட்டும் முட்டையும் மிஸ். நான் ஒவ்வொரு நாளும் கேக்கிறனான். இவா எப்பவும் புட்டும் முட்டையும்தான்."

"வீட்டில எத்தினை மணிக்கு?"

"இஞ்ச எட்டு மணிக்கு வந்திடுவா. அதுக்குக் கொஞ்சம் முதல்தானே சாப்பிட்டிருப்பா."

"இதில கிழங்கு கிடக்கு. பிஸ்கட் கிடக்கு. தேத்தண்ணி கிடக்கு. முட்டை எங்க, ரீச்சர்? ரெண்டு மணித்தியாலத்தில முட்டை தடம் தெரியாமல் போகாது. வெறும் வயித்தில சாயத் தேத்தண்ணி குடிச்சுப்போட்டு, உறைப்போட நாலு துண்டு கிழங்கை விழுங்கினால் ஆருக்கும் சத்தி வரும். இது நஞ்சில்லை, பசி."

நான் பிள்ளையைப் பார்த்தேன். வழித்த கோப்பை ஞாபகம் வந்தது. நக்கிய விரல் ஞாபகம் வந்தது. எத்தனை மாதமாக அதை நல்ல பழக்கம் என்று மற்றவர்களுக்குக் காட்டியிருக்கிறேன்! தாய் விடியுமுன்பே ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸில் போகிறவா என்பது எனக்குத் தெரியும். அயல்வீட்டுக்காரி கொண்டுவந்து விடுகிறா என்பதும் தெரியும். தெரிந்ததை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க எனக்குத்தான் தெரியவில்லை.

குடும்பநல மாது குனிந்து, "உண்மையைச் சொல்லுங்கோ குஞ்சு, காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?" என்று மெல்லக் கேட்டா.

பிள்ளை அவாவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். அரைமணி நேரமாக என் முகத்தில் இருந்த அதே பயம் அவள் முகத்தில் இருந்தது.

"புட்டும் முட்டையும்" என்றாள்.

"அப்பிடிச் சொல்லச் சொல்லி ஆர் சொன்னது?"

"அம்மா."

அவளைக் கட்டிப்பிடிக்கக் கையை நீட்டினேன். நான் அடிக்க வருகிறேன் என்று நினைத்தாளோ என்னவோ, கொஞ்சம் பின்னால் போய், இரண்டு கையாலும் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கு உண்மையாப் புட்டுச் சாப்பிட்டிட்டு வாறன் ரீச்சர். என்னைத் திருப்பி அனுப்பாதேங்கோ."